ஒளியில் இறுகும் ஜெல்லும் உடைந்த எலும்பும்: கேள்வி பதில்

கேள்வி: திரவமாக ஊற்றும் ஜெல் வெளிச்சம் பட்டதும் எப்படி இறுகுகிறது?

உடைந்த எலும்பின் குழியை நிரப்பப் பார்க்கும் இவ்வகை ஜெல்களில் அதிகம் ஆராயப்படுவது ஜெல்மா. ஜெலட்டின் என்ற புரதத்தில் மெத்தாக்ரிலாயில் தொகுதிகளை, அதாவது ஒன்றோடொன்று பிணையக்கூடிய வேதித் தொகுதிகளை, சேர்த்தால் கிடைப்பது. 2000-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகக் குழு இதைப் பற்றி எழுதியது. இதோடு கொஞ்சம் ஒளித்தூண்டி, அதாவது ஒளி பட்டால் வினையைத் தொடங்கும் பொருள், சேர்ப்பார்கள். 405 நானோமீட்டர் ஊதா ஒளி பட்டதும் தூண்டி உடைந்து, ஜெலட்டினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடப்பதுதான். செல்கள் ஜெலட்டினைப் பற்றிக்கொண்டு, தங்கள் நொதிகளால் அதைக் கரைத்து, வழி உண்டாக்கிக்கொண்டு உள்ளே போகின்றன. எலும்பைக் கட்டுவது அவைதான், ஜெல் அல்ல.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. இந்த ஜெல்லை வைக்கலாமா?

இது பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் இருக்கிறது. எலும்பு மருத்துவர் சொல்லும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஜெல் வைத்தால் தகடு, திருகு வேண்டாம்தானே?

வேண்டும். ஜெல்மாவின் விறைப்பு கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். எலும்பின் வெளி அடுக்கு 10 முதல் 20 ஜிகாபாஸ்கல்; ஒரு ஜிகாபாஸ்கல் என்பது பத்து லட்சம் கிலோபாஸ்கல். ஜெல் எடை தாங்காது.

கேள்வி: ஒளித்தூண்டியை இரட்டிப்பாக்கினால் ஆழம் வரை இறுகும் அல்லவா?

இறுகாது. மேல் அடுக்கே ஒளியை விழுங்கிவிடும். மேலே ஓடு, கீழே கூழ் என்றுதான் கிடைக்கும்.

அதே நண்பர்: நான் செய்து பார்த்தேன், நன்றாகவே இறுகியது.

எவ்வளவு தடிமனில்? ஒரு மில்லிமீட்டர் படலம் என்றால் இறுகியிருக்கும், சந்தேகமில்லை. எலும்புக் குழி சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். ஒளி புகாத அச்சில் ஊற்றி, மேலிருந்து மட்டும் ஒளி காட்டுங்கள். அப்புறம் கவிழ்த்து அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

மறுபடியும் அவர்: ஹைட்ராக்ஸிஅபடைட் துகள் சேர்த்தால் வலு கூடுமே?

கூடும். எலும்பின் கனிமமும் அந்த வகைதான் என்பதால் செல்களுக்கும் நல்லது. ஆனால் துகள் ஒளியைச் சிதறடிக்கும், அதனால் ஆழம் இன்னும் குறையும். பல் மருத்துவர்கள் பல்லை அடைக்கும் பிசினை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து நீல ஒளி காட்டுவது இந்தச் சிக்கலால்தான். இங்கேயும் அடுக்கடுக்காக ஊற்றலாம். ஆனால் அறுவையில் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் கசியும், அடுக்குகள் ஒட்டாமல் பிரியும். அடியில் இறுகாமல் தங்கும் தூண்டியும் பிணையாத சங்கிலிகளும் செல்களுக்கு நஞ்சு. நான் கவலைப்படுவது வலுவைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான்.

கேள்வி: புற ஊதா ஒளி ஆபத்தா?

365 நானோமீட்டரில் அளவு மீறினால் செல்களின் டிஎன்ஏ பாதிக்கப்படும். 405 அதைவிட மென்மை. எந்த விளக்காக இருந்தாலும் அந்த ஒளியைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பார்க்காதீர்கள்.

கேள்வி: கால் எலும்புக்கு ஜெல் மட்டும் போதுமா?

மேலே சொன்னதுதான். எடை தாங்காது, தகடு வேண்டும்.

கேள்வி: எலும்பு வளரத் தூண்டும் புரதமான பிஎம்பி-2 வளர்ச்சிக் காரணியை ஜெல்லில் கலக்கலாமா?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் 2002-இல் அதைக் கொலாஜன் பஞ்சோடு கீழ் முதுகெலும்பு இணைப்புக்கு அனுமதித்தார்கள். கழுத்தில் பயன்படுத்தியபோது வீக்கம் வந்து மூச்சுக்குழாயை அழுத்தியதால் 2008-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. பஞ்சிலிருந்து மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால் நிறைய வைக்க வேண்டியிருக்கிறது. ஜெல் வலையை நெருக்கமாக்கி மெதுவாக வெளியேற வைத்தால் குறைந்த அளவே போதுமா என்று பலர் பார்க்கிறார்கள். ஆனால் வலை நெருக்கமானால் செல்கள் நுழையத் திணறும்.