ஜாலியான திரில்லரில் நம்ப முடியாததை எப்படி நம்புகிறோம்?

கதை பொய்யென்று தெரிந்தும், படித்து முடிக்கும்வரை சந்தேகத்தை நாமே விரும்பி ஒதுக்கி வைக்கிறோம். 1817-இல் இதற்குப் பெயர் வைத்தவர் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ்.

எங்கள் தருமபுரிப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துரியோதனன் வேஷக்காரர் சாயங்காலம் டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி, திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்ததும் டீக்கடை மறந்துபோகும். படுகளத்தில் அவர் சாயும்போது பாட்டிகள் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஜாலி திரில்லரும் அப்படித்தான். நாயகன் ஒகேனக்கல் அருவியில் குதித்து, சட்டை கசங்காமல் கரையேறலாம். முதல் பக்கத்திலேயே தொனி பிடிபட்டுவிட்டால் ரசிப்போம். ஆனால் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அவன் தொப்பூர் கணவாய் வழியாகப் போனால், ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். தொப்பூர் சேலம் போகும் வழி! பெரிய பொய்க்கு நாம் சம்மதம் கொடுத்திருக்கிறோம், இந்தச் சின்னப் பிழைக்குக் கொடுக்கவில்லை.

காமெடி என்றால் லாஜிக்கே வேண்டாம் என்று பலர் நினைப்பது தவறு: நீச்சல் தெரியாதவன் என்று சொல்லிவிட்டு அவனையே அருவியில் குதிக்கவிட்டால், அதற்கும் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும்.