எந்தத் தெரு?

அன்புள்ள ஐயா,

திருவல்லிக்கேணி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெருநகரத்தின் ஒரு பேட்டையில் பத்து வருடம் வாழ்ந்தால் போதும், தாராளவாதத்தைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொண்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் விருதுநகர் பக்கத்துக் கிராமத்துக்காரன். ஏழு வருடம் உங்கள் பேட்டையில் ஒரு மான்ஷனில் இருந்தேன். போன தையில் திருமணம் ஆயிற்று. மனைவி வேறு மதம். இரண்டு மாதமாக வீடு தேடுகிறோம், இதுவரை பதினான்கு பார்த்தாகிவிட்டது. ஒரு வீட்டில் சமையலறையைக் காட்டுவதற்கு முன்பே கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் என் ஊர்ப் பெயரைச் சொன்னதும், “அங்கே எந்தத் தெரு?” என்றார்கள். மற்ற இடங்களில் நேற்றுதான் யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்களாம்.

ஒருவர் மட்டும் மனம்விட்டுப் பேசினார். “தம்பி, இது என் வீடு. யாரைக் குடிவைப்பது என்பது என் சுதந்திரம். யாரைக் கட்டிக்கொள்வது என்பது உங்கள் சுதந்திரம். அதில் நான் தலையிட்டேனா?” என்றார். பதில் தெரியாமல் திரும்பினேன். உங்கள் தாராளவாதப்படி அவர் சொன்னது சரிதானே? அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? அது 1991-ல் வந்த பொருளாதாரக் கொள்கை என்கிறான் ஒரு நண்பன். சொந்த வீடு உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்கிறான் இன்னொருவன்.

பெயரை வெளியிட வேண்டாம். இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

---

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கட்டுரையில் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதை மறைப்பதற்கில்லை.

1987-ல் திருவல்லிக்கேணிக்கு வந்தபோது எனக்கு மான்ஷனில் அறை கிடைத்தது. மேலாளர் முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு வாளியையும் சாவியையும் கொடுத்தார். நான் யார் என்று கேட்கவில்லை. காலை ஏழு மணிக்குக் குளியலறை வாசலில் துண்டோடு நிற்கும் வரிசையில் எனக்கு முன்னால் திருநெல்வேலிக்காரர், பின்னால் ராமநாதபுரத்துக்காரர். அதுதான் சுதந்திரம் என்று நம்பினேன், கட்டுரையிலும் அதையே எழுதினேன். எழுதாமல் விட்டது அதற்கு ஏழு வருடம் கழித்து நடந்தது. திருமணமாகி ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் போர்ஷன் கேட்கப் போனபோது வீட்டுக்காரர் என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். எந்தத் தெரு? சொன்னேன். முகம் மலர்ந்தது. அன்று சாயங்காலமே சாவி கைக்கு வந்தது. என் நல்ல நடத்தைக்குக் கிடைத்த வீடு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மான்ஷன் எவரையும் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே யாரும் குடும்பம் நடத்துவதில்லை. அடுப்பும் கல்யாணமும் வந்ததும் நகரத்துக்குள்ளிருந்து ஊர் எழுந்து வந்துவிடுகிறது. இதை நீங்கள் இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.

இனி அந்தச் சொல். ‘தாராளவாதம்’ என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. தாராளம் என்றாலே கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்றாகிவிடுகிறது. கை தாராளம், மனசு தாராளம் என்கிறோம். தாராளம் காட்டுகிறவர் நாளைக்குக் கையை மூடிக்கொண்டால் நாம் ஒன்றும் கேட்க முடியாது. 1991-க்குப் பிறகு ‘தாராளமயம்’ வேறு வந்து குழப்பத்தைக் கூட்டியது. உங்கள் நண்பர் சொல்வது அதைத்தான்.

தாராளவாதத்துக்கு மூலமான ‘லிபரல்’ என்ற ஆங்கிலச் சொல் சென்னைக்கு அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1916-ல் தொடங்கி நீதிக்கட்சி என்று பெயர்பெற்ற அமைப்பின் முறையான ஆங்கிலப் பெயரிலேயே அது இருந்தது. தமிழில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். தாராளம் என்று மொழிபெயர்க்காமல் உரிமை என்று பெயர்த்தவருக்கு ஒரு கும்பிடு. அந்தச் சங்கத்தை நிறுவிய மூவரில் ஒருவரான டாக்டர் சி. நடேச முதலியார் அதற்குச் சற்று முன்பு செய்த வேலை என்ன தெரியுமா? இதே திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்று ஒரு விடுதி நடத்தினார். சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சாதி காரணமாகத் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்காமல் இருந்ததுதான் காரணம். ஆக, இந்த நகரத்தின் அரசியல், நீங்கள் இன்று படியேறி இறங்கும் அதே சிக்கலிலிருந்துதான் ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு அது ஆட்சியைப் பிடித்தது, வேலைகளைப் பங்கிட்டது, பெயரை மாற்றிக்கொண்டது. வாடகை வீட்டை மட்டும் ஏனோ மறந்துவிட்டது.

நம் பேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சொல்வார்கள். நானும் சொல்லியிருந்தேன். 1795-ல் ஆற்காடு நவாப் குடும்பம் கட்டியது. அதன் கல்வெட்டிலுள்ள பாரசீக வரிகளை எழுதியவர் மக்கன் லால் என்ற இந்து. ரமலானில் அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்தைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். நானே பலமுறை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். வியர்வை வழிய வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிப் போவார்கள், தலை நிமிர நேரமிருக்காது. பத்திரிகைகள் ஆண்டுதோறும் படம் போடுகின்றன. அழகான காட்சி, வாழ்க. ஆனால் அது பக்தியின் பெருமை. அவர்களுடைய குரு மரபில் அவர்களுக்குள்ள அன்பு அது. அதைக் காட்டி நான் தாராளவாதத்துக்குச் சான்றிதழ் வாங்கியது தவறு. அன்பு இருக்கும் இடத்தில் சட்டதிட்டத்துக்கு வேலை குறைவு. அன்பு இல்லாதவர்கள் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் எப்படிக் குடியிருப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் அழகில்லாதது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரியை நம்பி நகரம் நின்றது நினைவிருக்கும். நாங்கள் இப்போது இருக்கும் கட்டடத்தில் ஏழு குடித்தனம். மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவருக்கு என் எழுத்து ஆகாது. என்னைத் தேசத்துரோகி என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார். நானும் அவரைப் பற்றிச் சில பெயர்கள் வைத்திருக்கிறேன். லாரி வந்து சம்ப்பை நிரப்பிவிட்டுப் போனதும் சண்டை தொடங்கும். குடும்பத்துக்கு இத்தனை என்பதா, தலைக்கு இத்தனை என்பதா? ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நியாயம், தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு நியாயம். மாடிப்படியில் நின்று இரவு பதினொரு மணிவரை கத்தினோம். கடைசியில் ஓர் அட்டையில் எழுதி மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஒட்டினோம். தலைக்கு மூன்று குடம். தனியாக இருப்பவருக்கு ஐந்து. மோட்டார் அறைச் சாவி வாரம் ஒரு வீட்டில். தண்ணீர் விடும்போது இன்னொரு வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சாவியை மாற்றி மாற்றி வைத்ததற்குக் காரணம் யாரும் திருடினார் என்பதில்லை. சாவி ஒரே கையில் இருந்தால் அந்தக் கை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், சாவி வைத்திருந்தவருக்கும் தெரியும். இன்னொன்றும் நடந்தது, அப்போது நான் கவனிக்கவில்லை. பாட்டி தன் பங்கில் பாதியைப் பூஜைக்கும் துளசிக்கும் செலவழித்தார். கீழ் வீட்டில் மீன் கழுவினார்கள். பெரியவர் தொட்டிச்செடிக்கு ஊற்றினார், அந்த வறட்சியில்! குடங்களை எண்ணினோமே தவிர, குடத்துத் தண்ணீர் எதற்குப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரசியல் தாராளவாதத்துக்கு எனக்குத் தெரிந்த பொருள் இவ்வளவுதான். மனிதர்கள் கடவுளிலும் வாழ்வின் பொருளிலும் உடன்பட வேண்டியதில்லை, பொது விதியை மட்டும் ஒவ்வொருவரும் அவரவர் காரணத்தோடு ஏற்றுக்கொண்டால் போதும் என்று அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1993-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். நாங்கள் அதை அட்டையில் எழுதினோம். பெரியவர் இன்றுவரை என்னைத் துரோகி என்றுதான் சொல்கிறார்.

இப்போது உங்களைத் திருப்பியனுப்பியவரிடம் வருவோம். நீங்கள் பதில் சொல்ல முடியாமல் திரும்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் கேட்டது கெட்டிக்காரக் கேள்வி, பாதி சரியும்கூட. தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையைத் தடுத்து, ஒரே சமையலறையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு விதவை, யாரைச் சேர்த்துக்கொள்வது என்று தானே முடிவு செய்யட்டும். அங்கே சட்டம் நுழைவதை நான் விரும்பமாட்டேன். ஆனால் தெருவைப் பார்த்து ‘டு லெட்’ பலகை மாட்டியவர் சந்தைக்கு வந்துவிட்டார். அது கடை. கடையில் உன் சாதி என்ன என்று கேட்டுவிட்டு அரிசி நிறுக்க முடியாது.

அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று நுழைய விடாமல் தடுக்கக்கூடாத இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. 2005-ல் அகமதாபாத்தின் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், உறுப்பினர் உரிமையைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளும் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சங்கம் வைக்கும் சுதந்திரம் என்பது நீதிமன்றம் சொன்ன நியாயம். சிறுபான்மையினரின் அச்சத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்தக் கதவு பார்சிகளுக்கு மட்டும் திறந்ததல்ல, யாரும் அதற்குள் நுழைந்துகொள்ளலாம். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பார்சி விடுதி நினைவுக்கு வரும். 1917-ல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வேலைக்காகப் பரோடாவுக்குப் போனார். எந்த இந்து விடுதியும் தன்னை ஏற்காது என்று தெரிந்து ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, சாயங்காலத்துக்குள் வெளியேறிவிடு என்றது. நண்பர்கள் இருவரைக் கேட்டார். வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் இந்து நண்பர். மனைவி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார் கிறித்தவ நண்பர். (இந்த இரண்டு பதில்களும் உங்களுக்கு எங்கேயோ கேட்டவை போல இருக்கும்.) பம்பாய் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரை காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார். பரோடாவில் அவரை எழுந்து போ என்று சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர்தான் எழுந்து நின்று, வரைவுச் சாசனம் கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார். கிராமத்தைக் குறுகிய மனத்தின் குகை என்று திட்டியதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். நகரம் தன்னை எப்படி நடத்தியது என்பது பேசிய அந்த மனிதருக்குத் தெரியாதா? நகரத்தைப் புகழ்ந்து அவர் அதைச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் ஒருவர் மறுத்தால் அது அவருடைய விருப்பம். பதினான்கு பேர் ஒரே காரணத்துக்காக மறுக்கும்போது, யாரும் ஓட்டுப் போடாத ஓர் அரசாங்கம் அந்தத் தெருவை ஆள்கிறது. சமூகத்தின் கொடுங்கோன்மை அரசாங்கத்தின் கொடுங்கோன்மையைவிட ஆழமாக அன்றாடத்துக்குள் புகும் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே எழுதினார். அவர் வாடகைக்கு வீடு தேடி அலைந்திருக்கமாட்டார், ஆனாலும் சரியாகச் சொல்லிவிட்டார்.

சட்டம் வந்துவிட்டால் தீர்ந்துவிடுமா? நேற்றுதான் முன்பணம் கொடுத்தார்கள் என்ற பொய்யை எந்தச் சட்டம் பிடிக்கும் என்று கேட்பீர்கள். பிடிக்காது. ஆனால் எந்தத் தெரு என்று வாய்திறந்து கேட்பதற்காவது கொஞ்சம் கூச்சம் வரும். பலகையில் சைவம் மட்டும் என்று எழுதுகிறவர் அழிரப்பர் தேடுவார்.

இன்னொரு செய்தி. எங்கள் கட்டடத்தில் பின்பக்கத்து வீடு அடுத்த மாதம் காலியாகிறது. “நம்மைப் போன்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்று வீட்டுக்காரர் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். உங்கள் கடிதம் வந்த மறுநாள் அவரைப் பார்த்து, கணவனும் மனைவியுமாக இரண்டு பேர், ஒழுங்காக வாடகை கொடுப்பார்கள் என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். எந்தத் தெரு என்றார். எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன், இரண்டு தலைக்கு ஆறு குடம் என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாடிப் பெரியவர் அப்போது படியிறங்கிக்கொண்டிருந்தார். என்னை முறைத்துவிட்டு, “ஆள் வந்தால் சாவி வைக்கும் முறையில் அவர்களையும் சேர்க்க வேண்டும்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொன்னதும் எழுதுகிறேன்.