உடும்புப்பிடி

வணக்கம்.

எட்டு மாதமாக, தரையில் மல்லுக்கட்டும் கலையான ஜியு-ஜிட்சு பழகுகிறேன். கீழே மல்லாந்து கிடந்து, எதிராளியின் இடுப்பைக் கால்களால் பின்னி குளோஸ்டு கார்டுக்குள் பூட்டிவிடுகிறேன். ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நிமிடத்தில் தொடை கடுக்கத் தொடங்குகிறது. அவர் நிமிர்ந்து, காலைப் பிரித்து, கார்டைக் கடந்துவிடுகிறார். தொடையில் பலம் ஏற என்ன பயிற்சி செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொடைக்கு ஒரு பயிற்சியும் வேண்டாம். இறுக்குவதை நிறுத்துங்கள்.

முதல் வருடம் முழுக்க நானும் இடுக்கி மாதிரித்தான் கிடந்தேன். கால் பூட்டு அவரை எழுந்து போகவிடாமல் வைக்கும், அவ்வளவுதான். அவர் அடங்குவது முதுகு வளைந்த பிறகு. முதுகு நேராகவும் கைகள் உங்கள் இடுப்பில் ஊன்றியும் இருக்கும்வரை அவருக்கு ஒரு கவலையுமில்லை. நீங்கள் களைக்கட்டும் என்று காத்திருப்பார்.

ஆகவே முழங்கால்களை உங்கள் மார்பை நோக்கி இழுங்கள். அவர் முன்னால் சரிவார். சரிந்தவர் திரும்ப எழாதபடி ஒரு கை அவர் காலருக்குள் ஆழமாகப் போயிருக்க வேண்டும், மறுகை ஸ்லீவைப் பிடித்திருக்க வேண்டும். கி, அதாவது பயிற்சி அங்கி, இல்லாத பயிற்சி என்றால் பிடரியும் மணிக்கட்டும். கால் இழுக்கும், கை இழுத்ததைத் தக்கவைக்கும். நிறையப் பேர் கையால் மட்டும் இழுக்கிறார்கள். உங்கள் புஜத்துக்கும் அவர் முதுகுக்கும் போட்டி வைத்தால் முதுகுதான் ஜெயிக்கும்.

தலை இறங்கியதும் நேருக்கு நேர் கிடக்காதீர்கள். ஒரு பாதத்தை அவர் இடுப்பில் வைத்து, உங்கள் இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அவர் காதுக்குள் எட்டிப்பார்க்க முடிகிற கோணம் வந்தால் முழங்கையை நெம்பும் ஆர்ம்பார், கால்களால் கழுத்தை நெரிக்கும் ட்ரையாங்கிள் இரண்டுக்கும் வழி திறக்கும். நேராகக் கிடந்தால் அவர் எடை முழுவதும் உங்கள் மேல்தான்.

அவர் எழுந்து நின்றுவிட்டால்? பூட்டை நீங்களே திறந்துவிடுங்கள். ஸ்லீவை மட்டும் விடாதீர்கள். பாதங்கள் அவர் இடுப்புக்குப் போகட்டும். பூட்டு திறந்ததற்காக எந்த நடுவரும் அவருக்குப் புள்ளி தரப்போவதில்லை. உங்கள் கால்களைத் தாண்டி வந்து மூன்று நொடி நிலைகொண்டால்தான் 3 புள்ளி. திறப்பதற்கும் தாண்டுவதற்கும் நடுவே உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.

1994 டிசம்பரில் நடந்த நான்காவது யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்றை ஒருமுறை பாருங்கள். ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசியைவிட டான் செவர்ன் 30 கிலோவுக்கு மேல் கனம், அதிலும் மல்யுத்தக்காரர். அப்போது நேர வரம்பு கிடையாது. பெரும்பாலும் முதுகில் கிடந்தபடியே கிரேசி ஏறத்தாழ 16 நிமிடம் தாக்குப்பிடித்து, கடைசியில் ட்ரையாங்கிளில் செவர்னைத் தட்டவைத்தார், அதாவது தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். உடும்புப்பிடியாகத் தொடையை இறுக்கிக்கொண்டு 16 நிமிடம் கிடக்க யாராலும் முடியாது. பார்க்கச் சுவாரசியமான சண்டை என்று சொல்லமாட்டேன். உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் ஒரு ரவுண்டு முழுக்க சப்மிஷனை, அதாவது அவரைத் தட்டவைக்கும் பிடியை, தேடாதீர்கள். அவர் தலை உங்கள் மார்பைவிட்டு எழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை. எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.