செதில் நின்றுவிட்டது, கறுப்பு போகவில்லை: சோரியாசிஸ் ஆறிவிட்டதா?

கேள்வி: முழங்கையிலும் முழங்காலிலும் எனக்கு சோரியாசிஸ் இருக்கிறது. இரண்டு மாதமாக ஸ்டீராய்டு களிம்பு பூசுகிறேன். செதில் உதிர்வது நின்றுவிட்டது. ஆனால் அந்த இடம் கறுத்துக் கிடக்கிறது. தினமும் உற்றுப் பார்த்தும் குறைகிறதா, கூடுகிறதா என்று புரியவில்லை. களிம்பை நிறுத்தலாமா?

பதில்: கண்ணைவிட விரல் இதைச் சரியாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலைப் பக்கத்து நல்ல தோலில் வைத்து, மெல்லத் திட்டின் மேல் நகர்த்துங்கள். விளிம்பில் மேடு தட்டுப்பட்டால் அழற்சி இன்னும் அடங்கவில்லை. தடையில்லாமல் வழுக்கிப் போனால் நல்ல முன்னேற்றம்.

செதிலை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தோல் செல்கள் அடியிலிருந்து மேலே வர வழக்கமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்; சோரியாசிஸில் சில நாட்களிலேயே வந்து குவிந்துவிடும். அந்தக் குவியல்தான் செதில். குளித்து மாய்ஸ்சரைசர் தடவினாலே அது மறைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். அதனால்தான் மருத்துவர்களான நாங்கள் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறோம். நோய் எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்று அளக்க உங்கள் கையே போதும்: விரல்களைச் சேர்த்துவைத்த உள்ளங்கை, உடல் தோலில் சுமார் 1 சதவீதம்.

நீங்கள் கவலைப்படும் கறுப்பு பெரும்பாலும் நோயல்ல, அழற்சி விட்டுச்சென்ற நிறமி. மாநிறத் தோலில் இது மாதக்கணக்கில் இருக்கும், தானே மங்கும். கறுப்பைப் போக்கவென்று ஸ்டீராய்டைத் தொடர்ந்தால் தோல் மெலிந்து, பளபளத்து, ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். இந்தத் தவறு நடக்கவே கூடாது.

தினமும் பார்ப்பதை விட்டுவிடுங்கள், மனதுக்கும் பாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, களிம்பு பூசுவதற்கு முன், அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். சுரண்டிப் பார்க்க வேண்டாம்: புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும், காயம்பட்ட இடத்தில் புதுத் திட்டும் கிளம்பலாம்.

நிறுத்துவதைப் பொறுத்தவரை, திட்டு தட்டையாகிவிட்டாலும் திடீரென்று விடாதீர்கள். படங்களோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைக்கச் சொல்வார். அப்போது நகங்களையும் காட்டுங்கள். அவற்றில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தாலோ, காலையில் மூட்டுகள் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். சோரியாசிஸோடு வரும் மூட்டுவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். உடல் முழுக்கச் சிவந்தாலோ, காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் கிளம்பினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.