கண்டிப்பது, கடிந்துகொள்வது, திட்டுவது: என்ன வித்தியாசம்?

மூன்றும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. திட்டுவதில் கோபம்தான் முன்னால் நிற்கும். காரணமே இல்லாமலும் திட்டலாம். கண்டிக்கக் காரணம் வேண்டும், உரிமையும் வேண்டும். அதனால்தான் 'அப்பா மகனைக் கண்டித்தார்' இயல்பாக இருக்கிறது, 'மகன் அப்பாவைக் கண்டித்தான்' இடறுகிறது. ஆனால் எதிர்க்கட்சி அரசைக் கண்டிக்கலாம். அங்கே அது பகிரங்க எதிர்ப்பு. கடிந்துகொள்வது கொஞ்சம் மென்மையானது, பெரும்பாலும் நெருங்கியவர்களிடம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு: இடித்துரைப்பது. தவறு செய்பவர் மன்னனே ஆனாலும், அவர் நன்மைக்காக முகத்துக்கு நேரே சொல்வது. 448ஆம் குறளில் வரும் 'இடிப்பார்' இவர்கள்தான்.

அதட்டுவதில் குரல்தான் எல்லாம், 'ஏய்!' என்றாலே போதும். ஏசுவதும் வைவதும் திட்டுவதற்குப் பக்கத்தில் வரும், வட்டாரத்துக்கு வட்டாரம் புழக்கம் மாறும்.