பதில்: 80-களின் சாயலில் ஒரு விண்கலம்

குடும்பத் திரைப்படம் ஒன்றுக்காக 80-களின் சாயலில் நீங்கள் வரைந்த விண்கலம் பார்த்தவர் யாருக்கும் அடுத்த நாள் நினைவில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வரைந்ததைப் பார்த்தேன். வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது, சிக்கலும் அதுதான். குழாய், விளக்கு, இறக்கை எல்லாமே சமமாகக் கவனத்தை இழுக்கின்றன. முழுக் கலத்தையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். அந்த நிழலுருவை ஒரு எட்டு வயதுப் பிள்ளை நினைவிலிருந்து வரைய முடிய வேண்டும்.

1986-இல் வந்த ‘ஃப்ளைட் ஆஃப் த நேவிகேட்டர்’ படத்தின் கலத்தில் வெளியே கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது, கண்ணாடிபோல மின்னும் ஓடு மட்டும். வானமும் நிலமும் அதில் பிரதிபலிப்பதால் கலம் நிஜமாகவே அங்கே நிற்பதுபோல் இருக்கும். வேகமெடுக்கும்போது உருவமே மாறும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘எக்ஸ்ப்ளோரர்ஸ்’ நேரெதிர்: பையன்கள் பழைய ராட்டினப் பெட்டி ஒன்றை வைத்தே கலம் கட்டுகிறார்கள்.

உங்கள் கதையில் கலம் தாத்தாவின் ஒர்க்‌ஷாப்பில் உருவாவதால் இரண்டாவது வழிதான் சரி. நீங்கள் வரைந்ததில் உள்ள அந்த நீல வெளிச்சக் கீற்றுகளைத் தூக்கிவிடுங்கள், 80-களோடு ஒட்டவே இல்லை. குண்டு பல்பும் தட்டினால் ‘டக்’கென்று கேட்கும் சுவிட்சும் போதும். அப்புறம், கதவு திறக்க ஒரு தனிச் சத்தம் வையுங்கள். பிள்ளைகள் வாயாலேயே போட்டுக் காட்டும்படி இருக்கட்டும்.