அண்ணாச்சி பதில்கள்: பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி?

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர் கோயில் பாடகர் குழுவுல பேஸ் கிட்டார் வாசிக்கேன். நாலு கம்பி, பழசா வாங்குனது, கம்பி மாத்தி மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. எந்தக் கம்பியைத் தட்டுனாலும் சாக்கு மூட்டைய அடிச்ச மாதிரி தொப்பு தொப்புன்னு கேக்குது. திருநெல்வேலி கடையில போய்க் கேட்டா "எந்த கேஜ், ரவுண்டா ஃப்ளாட்டா"ன்னு கேக்காங்க, பதில் தெரியாம திரும்பி வந்துட்டேன். கூட்டாளி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் பெஸ்ட்டுங்கான். எதை வாங்க?
- வாசகர், உவரி

பதில்: தம்பி, கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி, அதுக்குப் பதில் உங்க கிட்டார்லயே இருக்கு. ஒரு டேப் எடுங்க. தலைப்பக்கம் கம்பி உக்காருற நட்டுல இருந்து கழுத்துல குறுக்க பதிச்சிருக்குற 12வது ஃப்ரெட் கம்பி வரைக்கும் அளந்து அதை ரெண்டால பெருக்குங்க. 17 இஞ்ச் வந்தா உங்களோடது 34 இஞ்ச், லாங் ஸ்கேல், பெரும்பாலான பேஸ் இதுதான். 15 வந்தா 30 இஞ்ச் ஷார்ட் ஸ்கேல், அதுக்குக் கம்பி தனி. பாடிக்குப் பின்னால இருந்து கம்பி ஏறி வர்ற மாடல்னா இன்னும் நீளமான செட் வேணும், அதைக் கடையில மறக்காமச் சொல்லிருங்க.

அடுத்து கேஜ். அது கம்பியோட தடிமன், இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு. 45-65-85-105னு போட்டிருந்தா ஜி கம்பி 45, ஈ கம்பி 105, அதாவது ஈ ரெண்டே முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. முதல் தடவை மாத்துதீங்க, இந்த 45-105 செட்டையே வாங்குங்க. 45-100ன்னு ஒண்ணு இருக்கு, விரலுக்கு லேசா இருக்கும், அதுவும் நல்லதுதான். நாலு கம்பியும் சேந்து கழுத்தை இழுக்குற இழுப்பு கிட்டத்தட்ட 80 கிலோ தம்பி, ஒரு வளந்த ஆளு புடிச்சித் தொங்குற மாதிரி, அதனால திடீர்னு ரொம்பத் தடியா மாத்துனா கழுத்து வளையும், அப்புறம் கழுத்துக்குள்ள இருக்குற ட்ரஸ் ராடுங்குற இரும்புத் தண்டைத் திருப்பணும், ஃப்ரெட்டுல கம்பி உயரம் பாக்கணும், வேலை கூடிப்போகும்.

இனி ரவுண்டா ஃப்ளாட்டா. உள்ள ஒரு ஸ்டீல் கம்பி, அதுக்கு மேல உருண்டைக் கம்பியைச் சுத்துனா ரவுண்ட் வவுண்ட், நகத்தை வச்சு இழுத்தா கரகரன்னு இருக்கும், சத்தம் பளிச்சுன்னு வரும். பட்டைத் தகடு மாதிரி சுத்துனா ஃப்ளாட் வவுண்ட், வழுவழுன்னு இருக்கும், சத்தம் மெத்துன்னு, விரல் நகரும்போது கீச்சுச் சத்தம் வராது. 1951ல ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்த காலத்துல ஃப்ளாட்தான் வழக்கம். 1966ல தி ஹூ ராக் பேண்டுல பேஸ் வாசிச்ச ஜான் என்ட்விசில், இங்கிலாந்து ரோட்டோசவுண்ட் கம்பெனிக்காரங்க கூட உக்காந்து பியானோ மாதிரி கணீர்னு கேக்குற ரவுண்ட் கம்பியைக் கொண்டு வந்தாரு. அமெரிக்காவுல டெட்ராய்ட்ல மோட்டவுன் கம்பெனி பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட் கம்பியைத்தான் போட்டிருந்தாரு, அறுந்தா ஒழிய மாத்தவே மாட்டாரு, அவரு வாசிச்சதை இன்னைக்கும் பேஸ் படிக்குறவங்க கேட்டுக் கேட்டுப் பழகுதாங்க.

உங்களுக்கு எது? பாடகர் குழு, ஆர்கன், நிறைய குரல், பேஸ் அடியில தாங்கிட்டு இருக்கணும், தனியா நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. அதுக்கு ஃப்ளாட் ரொம்பப் பொருத்தம், வெல ஜாஸ்தி, ஆனா வருசக்கணக்குல வரும். கொடைக்கு லைட் மியூசிக்குலயும் வாசிப்பீங்க, இளையராஜா பாட்டுல பேஸ் ஒரு தனி மெட்டாவே நடக்குமே, அதெல்லாம் மைதானத்துல தெளிவா கேக்கணும்னா நிக்கல் பூசுன ரவுண்ட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெட்டது கிடையாது, அதைவிடப் பளிச்சுன்னு இருக்கும், ஆனா விரலுக்குச் சொரசொரப்பு, ஃப்ரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். பழைய கிட்டாருக்கு நான் நிக்கல்தான் சொல்லுவேன். ஒண்ணு கவனம், அகூஸ்டிக் பேஸுக்கு விக்குற பிரான்ஸ் கம்பியை வாங்கிராதீங்க, கம்பி அதிர்வைக் கரண்டா மாத்துற பிக்கப்போட காந்தத்துக்கு இரும்பு வேணும், பிரான்ஸ் போட்டா சத்தம் அடங்கிப் போயிரும்.

உங்க சத்தம் செத்ததுக்குக் காரணம் வேர்வையும் விரல் அழுக்கும் சுத்துக்கு நடுவுல இறங்குனதுதான், மேல்சுரம் எல்லாம் அதுல அடங்கிரும், அடிச்சத்தம் மட்டும் மிஞ்சும். உங்க ஊரு கடக்காத்து உப்பும் சேரும். வாசிச்சு முடிச்சதும் பழைய வேட்டித் துணியால ஒவ்வொரு கம்பியையும் அடியிலயும் சேத்து ஒரு இழுப்பு இழுங்க, பெட்டியில வச்சிப் பூட்டுங்க. கோட்டிங் போட்ட கம்பியும் இருக்கு, கடக்கரை ஊருக்கு அந்தக் காசு வீண் போகாது.

மாட்டும்போது ஒத்தக் கம்பியா கழட்டி ஒத்தக் கம்பியா மாட்டுங்க. முறுக்குற கட்டையைத் தாண்டி நாலஞ்சு இஞ்ச் விட்டு, முதல்ல கம்பியை நல்லா மடக்கி, மடக்குன இடத்துக்கு அங்கிட்டு வெட்டுங்க. இதைச் சொல்லுததுக்குக் காரணம் இருக்கு. நான் ஒரு கிறிஸ்துமசுக்கு மொத நாள் மடக்காம ஈ கம்பியைக் கட்டிங் பிளேயர்ல வெட்டிட்டேன், மேல சுத்து உள்ளுக்குள்ள நெகிழ்ந்து போச்சு, புதுக்கம்பி, ஆனா மூணு வருசக் கம்பி மாதிரி ஊமையா நின்னுச்சு, ராத்திரி கேரல்ஸ் முழுக்க அந்த ஒரு கம்பி பேசவே இல்ல. முறுக்குற கட்டையில ரெண்டு மூணு சுத்து கீழ்நோக்கி வந்தாப் போதும். அப்புறம் 12வது ஃப்ரெட்டுல அமுக்கி அடிச்ச சுரமும், அங்கேயே லேசாத் தொட்டு அடிச்ச ஆர்மோனிக்கும் ட்யூனர்ல ஒண்ணா நிக்குதான்னு பாருங்க. அமுக்குனது ஏறி நின்னா, பாடிப்பக்கம் கம்பி உக்காருற சேடிலைப் பின்னால தள்ளணும், இறங்கி நின்னா முன்னால.

கேள்வி: பழைய கம்பியைக் கொதிக்குற தண்ணில போட்டா புதுசாயிருங்காங்களே, நெசமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அழுக்கு வெளிய வரும், சத்தம் கொஞ்ச நாளைக்குத் திரும்பும். ஆனா கம்பி தேஞ்சது தேஞ்சதுதான், மடக்குன இடத்துலயே திரும்ப மடக்கும்போது அறுந்தாலும் அறுந்துரும். காசு இல்லாத மாசம் ஒரு தடவை செய்யலாம், நல்லா ஈரம் போகக் காயவச்சு மாட்டுங்க. கோட்டிங் கம்பியையும் நைலான் சுத்துனதையும் போட்டுராதீங்க.

கேள்வி: ஈ கம்பி மட்டும் அறுந்துட்டு. அது ஒண்ணை மட்டும் வாங்கலாமா?
- வாசகர், களக்காடு

பதில்: தனியாவும் கிடைக்கும், ஆனா அது ஒண்ணு மட்டும் கணீர்னு கேக்கும், மத்த மூணும் மங்கிக் கேக்கும். நாளைக்கே கச்சேரின்னா ஒண்ணை மாட்டுங்க, மத்தபடி செட்டா வாங்குங்க. அதுக்கு முன்னால அறுந்த இடத்தைப் பாருங்க. பேஸ் கம்பி லேசுல அறுந்து போகாது. சேடில்ல உக்காருற இடத்துல அறுந்திருந்தா அங்க பிசிறு இருக்கும், நைஸ் எமரித் தாளை மடிச்சு பைய ரெண்டு தேய் தேய்ச்சு விரலால தடவிப் பாத்துட்டு அப்புறம் புதுசை மாட்டுங்க.